வாக்கப்பட்டு வந்த ஊரில் வண்டி ஓட்டுவது

சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்து, மதுரை கோச்சடைக்கு வாக்கப்பட்டு வந்தவள் நான். என்னுடைய பாஸ்போர்ட் இன்றைக்கும் வெளிநாட்டுப் பாஸ்போர்ட்தான். மொழியும் சாப்பாடும் கோயில் குளமும் எனக்குப் புதிதாக இல்லை. சாலைதான் புதிதாக இருந்தது. இரண்டு நாட்டிலும் வண்டி இடப்பக்கம்தான் போகிறது. சட்டப் புத்தகத்தில் இருக்கிற விதிகளும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஓட்டுகிற பழக்கத்துக்கும் அந்தப் புத்தகத்துக்கும் இங்கே தூரம் அதிகம்.

மதுரையில் தங்கி வாழும் வெளிநாட்டவர் பலர். அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் பயிற்சிக்கு வரும் டாக்டர்கள், கல்லூரிகளுக்கு வரும் மாணவர்கள், என்னைப் போலக் கல்யாணமாகி வந்தவர்கள் எல்லாரும் உண்டு. பழகியதும் அவர்கள் என்னிடம் கேட்பது, “இந்தச் சாலையில் எப்படி ஓட்டுகிறீர்கள்?” என்றுதான். அவர்களுடைய பயம் நியாயமானது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022-இல் நாட்டிலேயே அதிகமான சாலை விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு. 64,105 விபத்துகள், 17,884 பேர் உயிரிழந்தார்கள்.

நான் கற்றுக்கொண்டதன் சாரம் இதுதான்: ஊரின் ஓட்டுகிற பழக்கத்தை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள்; அதை உங்கள் பழக்கமாக ஆக்கிக்கொள்ளாதீர்கள்.

முன்னே போகிறவர் திரும்பிப் பார்க்க மாட்டார்

மதுரைச் சாலையின் அடிப்படை விதியை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் என் மாமனார். முடக்குச்சாலையில் தேனி ரோட்டிலிருந்து மேலக்கால் ரோட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். சந்துக்குள்ளிருந்து ஒரு பைக் வலப்பக்கம் பார்க்காமலேயே எங்கள் முன்னால் வந்து ஏறியது. நான் பதறிப்போனேன். அவர் பதறவில்லை. “முன்னாடி போறவன் திரும்பிப் பாக்க மாட்டாம்மா. பின்னாடி வர்ற நாமதான் அவனப் பாத்துப் போகணும். பைய போ” என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் பாதி விளங்கிவிட்டது. சிங்கப்பூரில் கிளைச்சாலையிலிருந்து வருகிறவர் காத்திருக்க வேண்டும்; மெயின் ரோட்டில் போகிறவருக்கு முன்னுரிமை. இங்கேயும் சட்டம் அப்படித்தான். நடைமுறையில், தன் முன்சக்கரத்துக்கு முன்னால் இருப்பதை ஒவ்வொருவரும் பார்த்துக்கொள்கிறார்கள், பின்னால் வருவது பின்னால் வருகிறவர் பாடு. அதனால்தான் பல பைக்குகளில் கண்ணாடியே இருக்காது, இருந்தாலும் உள்பக்கமாக மடக்கியிருக்கும்.

இது தெரிந்தபின் எனக்குக் கோபம் குறைந்தது, கவனம் கூடியது. முடக்குச்சாலையிலிருந்து கோச்சடை வரை உள்ள ஒவ்வொரு சந்தின் வாயையும், டீக்கடையையும், மருந்துக்கடையையும் ஒரு சந்திப்பாகவே நினைத்து ஓட்டுகிறேன். வேகம் முப்பதைத் தாண்டாது. பின்னால் ஹாரன் அடிப்பவர்கள் அடிக்கட்டும். என் கண்ணாடிகள் இரண்டும் விரிந்தே இருக்கும்.

விளக்கும் ஹாரனும் என்ன சொல்கின்றன

வெளிநாட்டவர் அதிகம் ஏமாறுவது இங்கேதான். பிரிட்டனிலிருந்து வந்தவர் எதிர்வண்டி ஹெட்லைட்டை அடித்துக் காட்டினால் “நீங்கள் போங்கள்” என்று எடுத்துக்கொள்வார். இங்கே அதற்கு, “நான் வருகிறேன், நில்” என்று பொருள். இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு நாள்கூட ஸ்டீயரிங்கைப் பிடிக்கக் கூடாது.

நாலு இண்டிகேட்டரும் சேர்ந்து எரிந்தால் வண்டி பழுதாகி நிற்கிறது என்பது உலக வழக்கம். இங்கே சந்திப்பில் நேராகப் போகிறேன் என்று சொல்லவும் அதையே போடுவார்கள். பக்கவாட்டில் வருகிறவருக்கு ஒரு பக்க விளக்குத்தான் தெரியும். திரும்பப் போகிறது என்று நினைத்து நடுவில் நுழைந்துவிடுவார். நேராகப் போவதற்கு எந்த விளக்கும் தேவையில்லை. ஊரே போட்டாலும் நீங்கள் போடாதீர்கள்.

லாரியின் வலது இண்டிகேட்டருக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, வலப்பக்கம் திரும்பப் போகிறேன். இன்னொன்று, என்னை முந்திப் போகலாம். இரண்டில் எது என்று விளக்கைப் பார்த்துச் சொல்ல முடியாது. லாரி வேகத்தைக் குறைக்கிறதா, சற்று தூரத்தில் டிவைடர் இடைவெளி இருக்கிறதா, டிரைவர் கையை வெளியே நீட்டுகிறாரா என்று பார்த்தபிறகுதான் நான் முடிவெடுப்பேன். சந்தேகம் இருந்தால் பின்னாலேயே போவேன்.

ஹாரனைத் திட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். “நான் இங்கே இருக்கிறேன்” என்று சொல்வதுதான் அது. கண்ணாடி பார்க்காத ஊரில் அந்தத் தகவல் தேவைப்படுகிறது. வளைவிலும் சந்து முனையிலும் சுருக்கமாக ஒரு முறை அடியுங்கள். அடித்துக்கொண்டே போகாதீர்கள்.

பஸ்ஸுக்கு இடப்பக்கம் போகாதீர்கள்

டவுன் பஸ் ஓரம் கட்டாமல் நடுச்சாலையிலேயே நிற்கும். இடப்பக்கம் கிடைக்கிற இடுக்கில் பைக்குகள் புகுந்து பாயும். அதே நேரத்தில்தான் படிக்கட்டிலிருந்து பள்ளிப் பிள்ளைகளும் பைதூக்கிய பாட்டிகளும் இறங்குவார்கள். பஸ் நின்றால் நானும் பின்னால் நின்றுவிடுவேன். கண்டக்டரின் இரட்டை விசில் கேட்டபிறகு நகர்ந்தால் போதும்.

ஷேர் ஆட்டோ யாராவது கையைக் காட்டினால் அந்த இடத்திலேயே நிற்கும். அதனால் ஆட்டோவுக்குப் பின்னால் போகும்போது டிரைவரைப் பார்ப்பதைவிட, நடைபாதையில் நிற்பவரின் கையைப் பார்ப்பது மேல். 2020-இல் திறந்த மேம்பாலத்தால் காளவாசலில் நெரிசல் ஓரளவு குறைந்தது. ஆனாலும் பாலத்துக்குக் கீழே பஸ்ஸும் ஆட்டோவும் நடக்கிறவர்களும் கலக்கிற இடத்தில் பொறுமை ஒன்றே வழி.

நாலுவழிச்சாலையில் எதிரே வருகிறவர்

கோச்சடையைத் தாண்டித் துவரிமான் போனால் கன்னியாகுமரி நாலுவழிச்சாலை வந்துவிடும். நடுவில் டிவைடர், நல்ல தார், அகலமான பாதை. வெளிநாட்டிலிருந்து வருகிறவருக்கு அப்பாடா என்றிருக்கும். எனக்கு அதிகப் பயம் தருவது அந்தச் சாலைதான்.

அடுத்த ஊருக்குப் போக வேண்டியவர் டிவைடர் இடைவெளி வரை போய்த் திரும்பி வருவதை விட்டு, ஓரமாக ராங் சைடிலேயே வருவார். வயலுக்குப் போகிற விவசாயி, பால் கேன் கட்டிய பைக், சில நேரம் டிராக்டர். அவர்களைத் திட்டிப் பயனில்லை. சாலை ஊரை இரண்டாக வெட்டிவிட்டது, கடக்கிற வழி தூரத்தில் இருக்கிறது. காரணம் புரிந்தாலும் ஆபத்து ஆபத்துதான். அதனால் இடது ஓரத்தை ஒட்டிப் போகாமல், இடது தடத்தின் நடுவில் போகிறேன். பாரம் ஏற்றிய லாரிகள் வலது தடத்திலேயே மெதுவாக ஊர்ந்துபோவதும், கார்கள் அவற்றை இடப்பக்கமாக முந்துவதும் இங்கே அன்றாடம். முந்துகிறவர் முந்திப் போகட்டும். கார்களுக்கு 100 கிலோமீட்டர் வரை அனுமதி உண்டு. 80-ஐ நான் தாண்டுவதில்லை. டிவைடர் இடைவெளி தெரிந்தாலே கால் பிரேக்குக்குப் போய்விடும்.

இருட்டு, அறுவடை, சீசன்

பொழுது சாய்வதற்குள் வீடு வந்து சேர்வது எங்கள் வீட்டு விதி. பின்விளக்கு இல்லாத டிரெய்லர், ஓரத்தில் நிறுத்திய லாரி, கறுப்பு மாடு எதுவும் இருட்டில் தெரியாது. எதிரே வருகிறவர் ஹை பீமைத் தணிக்காவிட்டால் அதைப் பார்க்காமல், சாலையின் இடது ஓர வெள்ளைக் கோட்டைப் பார்த்து வேகத்தைக் குறையுங்கள். பதிலுக்கு நீங்களும் ஹை பீம் போட்டால் இருவருக்குமே கண் தெரியாமல் போகும்.

அறுவடைக் காலத்தில் மேலக்கால், சோழவந்தான் பக்கம் சாலையிலேயே நெல்லைக் காயப்போட்டிருப்பார்கள், வைக்கோல் பரத்தியிருப்பார்கள். நெல்மேல் பிரேக் பிடித்தால் பைக் வழுக்கும். முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து, திருப்பாமல் நேராகக் கடக்க வேண்டும். கார்த்திகை, மார்கழியில் தேனி ரோட்டில் சபரிமலை வேன்கள் இரவெல்லாம் ஓடும். விடியற்காலையில் எதிரே வருகிற டிரைவர் தூக்கக் கலக்கத்தில் இருக்கலாம். தைப்பூசத்துக்கு முன்னால் பழனி பாதயாத்திரை பக்தர்கள் கூட்டம் கூட்டமாக ரோட்டோரம் நடப்பார்கள். ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கினால், முன்னால் போகிற பஸ்ஸின் சக்கரத் தடத்தைப் பிடித்துப் போங்கள். ஆழம் தெரியாத தண்ணீரில் இறங்கவே வேண்டாம்.

பின்னால் உட்காருகிறவருக்கும் தலை இருக்கிறது

2022-இல் ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் நாடு முழுவதும் 50,029 பேர். அவர்களில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள். நம் வீடுகளில் பின்னால் உட்காருவது யார்? மனைவி, அம்மா, பிள்ளை. சட்டம் இருவருக்கும் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியிருக்கிறது. நாலு வயது தாண்டிய குழந்தைக்கும் அது பொருந்தும். ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள், தாடைக்குக் கீழே கொக்கியை மாட்டுங்கள். டேங்க் மேல் வைத்த ஹெல்மெட் போலீஸுக்காக, தலையில் மாட்டியதுதான் உயிருக்காக.

காரிலும் அப்படித்தான். சீட் பெல்ட் போடாமல் அதே ஆண்டில் இறந்த 16,715 பேரில் 8,331 பேர் பயணிகள். அந்த செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தபோது, பின் சீட்டில் பெல்ட் போடாமல் இருந்தார் என்று போலீஸ் சொன்னது. எங்கள் காரில் எல்லாரும் பெல்ட் மாட்டும்வரை வண்டி நகராது. அத்தை முதலில் முணுமுணுத்தார்கள். இப்போது அவர்கள்தான் மற்றவர்களை அதட்டுகிறார்கள்.

காகிதங்கள்

1949 சாலைப் போக்குவரத்து ஒப்பந்தப்படி வழங்கும் சர்வதேச டிரைவிங் பெர்மிட் ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். தங்கி வாழ வந்தவர்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் இந்திய லைசென்ஸ் எடுத்துவிடுவது நல்லது. எல்.எல்.ஆர். என்கிற பழகுநர் உரிமம் ஆறு மாதம் செல்லும், எடுத்து 30 நாள் கழித்து டெஸ்ட்டுக்குப் போகலாம். வாடகைக்கு ஸ்கூட்டர் எடுத்தால் நம்பர் பிளேட்டைப் பாருங்கள்: கறுப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். வெள்ளை பிளேட் வண்டியை வாடகைக்குத் தந்தால் மறுத்துவிடுங்கள். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸில் சிக்கல் வரும்.

நடந்து கடக்கும்போது

வரிக்கோட்டில் கால் வைத்ததும் வண்டிகள் நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். கையைத் தாழ்வாக நீட்டிக் காட்டி, ஒரே சீரான நடையில் போங்கள். ஓடாதீர்கள், பாதியில் திரும்பாதீர்கள். உங்கள் நடையை வைத்துத்தான் பைக்காரர் வளைந்து போகிறார். நடை மாறினால் அவருடைய கணக்குத் தப்பும். ஒருவழிப் பாதையாக இருந்தாலும் இரண்டு பக்கமும் பாருங்கள்.

கெட்டதோடு நல்லதும் இருக்கிறது

ஸ்கூட்டரின் சைடு ஸ்டாண்டை எடுக்காமல் கிளம்பிப் பாருங்கள். பத்தடி போவதற்குள் “அக்கா, ஸ்டாண்டு! ஸ்டாண்டு!” என்று குரல் வரும். சேலை முந்தானையோ துப்பட்டாவோ சக்கரத்துப் பக்கம் பறந்தால், முன்பின் தெரியாத பையன் துரத்தி வந்து சொல்லிவிட்டுப் போவான். சற்று முன்னால் சிக்னலில் சிவப்பைத் தாண்டியவனாகவும் அவன் இருக்கலாம். இந்த ஊரில் அக்கறைக்குக் குறைவில்லை, விதியின் மேல் நம்பிக்கைதான் குறைவு. இதை உணர்ந்தபிறகு சாலையில் யாரையும் எதிரியாக என்னால் பார்க்க முடிவதில்லை.

ஆனால் ஒரு எச்சரிக்கை. புதிதாக வந்தவர்கள் பயத்தோடு ஓட்டுவதால் பெரும்பாலும் தப்பிவிடுகிறார்கள். ஆபத்து, பழகிய பிறகுதான். ஊரோடு ஒத்துப்போகிறேன் என்று ஹெல்மெட்டைக் கழற்றுகிறார்கள், ராங் சைடில் கொஞ்ச தூரம்தானே என்று வருகிறார்கள், காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிப் பேசுகிறார்கள். நீங்கள் கற்றுவந்த நல்ல பழக்கம் எதையும் இந்த ஊர் கேட்கவில்லை. நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள்.

விபத்து நடந்தால்

வெளிநாட்டவர் பலர், “உதவப் போனால் போலீஸ், கோர்ட் என்று மாட்டிக்கொள்வோமா?” என்று தயங்குகிறார்கள். உள்ளூர்க்காரர்களுக்கும் அந்தத் தயக்கம் உண்டு. 2016 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம், விபத்தில் உதவுகிறவரைப் பாதுகாக்கும் வழிமுறைகளுக்குச் சட்ட வலுத் தந்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ என்ற பிரிவாக அது சேர்ந்தது. உதவியவரின் பெயரைக் கட்டாயப்படுத்திக் கேட்க முடியாது.

தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், மாநில எல்லைக்குள் விபத்தில் சிக்குகிற எவருக்கும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் இது கிடைக்கும். வெளிமாநிலத்தவருக்கும் வெளிநாட்டவருக்கும் பொருந்தும். இதை உங்களுக்குத் தெரிந்த எல்லா வெளிநாட்டவரிடமும் சொல்லுங்கள்.

எங்காவது ஒருவர் விழுந்து கிடந்தால், படம் எடுக்கிற கூட்டத்தில் ஒருவராக நிற்காதீர்கள். வண்டியை ஓரம் கட்டுங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள், ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் பக்கத்தில் இருங்கள். எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் இந்தச் சாலையில் போகிற எல்லாரும் செய்ய வேண்டியது இது.