இளையோர் ஆக்கும் ஏடுகள்

திண்டுக்கல் மலைக்கோட்டையைப் பற்றி எழுதப்பட்ட நூல்கள் பல. அதனைக் கட்டிய நாயக்க மன்னரும், கைக்கொண்டு ஆண்ட ஐதர் அலியும், திப்பு சுல்தானும், பின்வந்த ஆங்கிலேயரும் வரலாற்று ஏடுகளில் இடம் பெற்றுள்ளனர். ஆனால், அக்கோட்டையின் நிழலில் தலைமுறை தலைமுறையாகப் பூட்டுச் செய்து வாழ்ந்த கைவினைஞரைப் பற்றி அறிய விரும்பி மாணவன் ஒருவன் நூலகத்துள் புகுவானாயின், அவன் கைக்குக் கிட்டுவது சிறிதே ஆகும்.

திண்டுக்கல் பூட்டு நாடறிந்தது. மாங்காய் வடிவில் அமைந்த மாங்காய்ப் பூட்டு அதன் வகைகளுள் பெயர் பெற்றது. இப்பூட்டினுள் மெல்லிய தகடுகள் சில ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். அவற்றைத் தொழிலாளர் லீவர் என்பர். சாவியின் ஒவ்வொரு பல்லும் தனக்குரிய தகட்டை உரிய உயரத்திற்குத் தூக்கினாலன்றித் தாழ் நகராது. ஒரு தகடு மயிரிழை தாழ்ந்து நின்றாலும் பூட்டுத் திறவாது. அந்த அளவை அறிவது கைவினைஞரின் கண்ணும் விரலுமே. 2019-ஆம் ஆண்டில் இப்பூட்டிற்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. ஆயினும் அலிகாரிலிருந்து குறைந்த விலையில் வந்து குவியும் எந்திரப் பூட்டுகளின் முன் கைப்பூட்டு நிற்க இயலாது தளர்ந்தது. பட்டறைகள் அருகின, மைந்தர் தந்தையின் உளியையும் அரத்தையும் விட்டு வேறு தொழில் நாடினர். குறியீடு பெயரைக் காக்கும்; விரலறிந்த வித்தையைக் காக்க அதனால் இயலாது.

இவ்வித்தையை ஏட்டில் எழுதி வைப்பவர் யார்? புலவர்க்குப் பட்டறை தெரியாது. பட்டறைத் தொழிலாளர்க்கு எழுதப் பொழுதில்லை. பலர்க்கு எழுதிப் பழக்கமுமில்லை. இருவர்க்கும் இடையே நிற்பவர் பள்ளி மாணவரே. அவர் எழுத அறிந்தவர், அத்தெருவிலேயே வாழ்பவர், தாத்தாவின் அருகமர்ந்து, ‘இஃது ஏன் இப்படி?’ என்று நூறு முறை வினவினும் சினத்துக்கு ஆளாகாதவர். ஆதலின் இளையோர்க்கு நூலைக் கொடுத்து வாங்குவதோடு நூலகத்தின் பணி முற்றுப்பெறாது. இளையோரைக் கொண்டு புதிய நூலை ஆக்குவிப்பதும் அதன் பணியே.

நூலகத் துறையின் தந்தை எனப் போற்றப்படும் சீர்காழி இரா. அரங்கநாதனார் 1931-இல் வெளியிட்ட தம் நூலில் ஐந்து விதிகளை வகுத்தார். அவற்றுள் இறுதியானது நூலகத்தை வளரும் உயிராகக் கருதுவதாகும். அதே ஆண்டில் மன்னார்குடிக்கு அருகே மேலவாசலில் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிச் சிற்றூர்களுக்குக் கொண்டு செல்லும் நடமாடும் நூலகம் தோன்றியது. 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் இயற்றப்பட்டது. வீட்டு வரியோடு சேர்த்து மக்கள் செலுத்தும் நூலக வரியே பொது நூலகங்களைப் புரந்து வருகிறது. உயிர் வளர்வது உண்பதனால் மட்டுமோ? வெளியூரில் அச்சிட்டு வரும் நூல்களை அடுக்கிக்கொண்டே போவது ஒருவகை வளர்ச்சி. தன் ஊர் மண்ணிலிருந்து ஏடுகளைத் தோற்றுவிப்பது மற்றொரு வகை. பின்னையதே நூலகத்தை அவ்வூர் நூலகம் ஆக்கும். யுனெசுகோவும் அனைத்துலக நூலகச் சங்கக் கூட்டமைப்பும் 2022-இல் புதுப்பித்த பொது நூலக அறிக்கை, வாய்மொழி மரபு உள்ளிட்ட உள்ளூர் அறிவைக் காத்தலையும், எதனைத் தொகுப்பது என்பதில் ஊர் மக்களே பங்கு கொள்ளுதலையும் நூலகத்தின் கடமைகளுள் சேர்த்துள்ளது.

இது தமிழ்நாட்டிற்கு முற்றிலும் புதிதன்று. அச்சுக்கூலி கொடுக்க வழியில்லாத காலத்தில், வாசகசாலைகளிலும் பள்ளிகளிலும் கூடிய இளைஞர் கையெழுத்து ஏடுகள் நடத்தினர். அழகிய கையெழுத்துடையவன் எழுதுவான். ஓவியம் வல்லவன் அட்டைப்படம் தீட்டுவான். தாள்களைத் தைத்து மேசைமேல் வைத்தால், ஒரே படி பலர் கைக்கு மாறும். பிற்காலத்தில் தமிழ்நாட்டின் முதலமைச்சராக விளங்கிய மு. கருணாநிதி திருவாரூரில் பயின்றபோது ‘மாணவ நேசன்’ என்னும் கையெழுத்து ஏட்டை நடத்தியவரே. 2022-இல் பள்ளிக் கல்வித்துறை மாணவர்க்கென ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ என்னும் இதழ்களைத் தொடங்கியது. எனினும் மாநிலம் முழுவதற்கும் பொதுவான இதழ் திண்டுக்கல் பட்டறைக்குள் எவ்வளவு தொலைவு நுழைய முடியும்?

கடல் கடந்த நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. அமெரிக்காவின் சியார்சியா மாநிலத்து மலைப்பகுதியில் 1966-இல் பள்ளி மாணவர் சிலர் ‘பாக்சுபயர்’ என்றோர் இதழைத் தொடங்கினர். அவர்கள் கற்பனைக் கதை எழுதி நிரப்பவில்லை. மலைவாழ் முதியோரை நாடிச் சென்று, மரவீடு கட்டுவது எங்ஙனம், சவர்க்காரம் காய்ச்சுவது எங்ஙனம் என்று கேட்டு, அவர்கள் சொல்லிய சொல்லிலேயே எழுதினர். 1972-இல் அவை நூலாக வெளிவந்து நாடெங்கும் பரவின.

திண்டுக்கல்லைச் சூழ்ந்த சமவெளியில் இத்தகைய பொருள் குறைவில்லாதது. சின்னாளபட்டியின் தறி, நிலக்கோட்டையின் பூ, ஒட்டன்சத்திரத்தின் காய்கறிச் சந்தை, பழனியின் பஞ்சாமிர்தம் ஒவ்வொன்றும் ஓர் ஏட்டிற்குப் போதும். எல்லாவற்றிலும் விரைந்து மறைவது எதுவெனின், கமலைக் கிணற்றின் சொற்களே எனலாம். மின்சாரப் பம்பு வருமுன் இவ்வட்டாரத்துத் தோட்டங்கள் கமலை நீரால் விளைந்தன. நீர் முகப்பது சால். அதன் அடியில் தொங்கும் தோற்குழாய் தும்பி. சாலை இழுப்பது வடக்கயிறு. தும்பியை இழுப்பது வால்கயிறு. மாடுகள் சரிவில் இறங்கும்போது ஓட்டுபவர் வடத்தின்மேல் அமர்வார். அவர் உடற்கனமும் இறைப்பிற்கு உதவும். சால் மேலே வந்ததும் தும்பி வாய் திறந்து நீர் தொட்டியில் கொட்டும். பம்பு வந்தபின் மாடு போயிற்று. மாட்டோடு கயிறு போயிற்று. கயிற்றோடு அதன் பெயரும் போகின்றது. எண்பது வயதினர் நாவில் மட்டும் அச்சொற்கள் தங்கியுள்ளன.

இடைசெவலைச் சேர்ந்த கி. ராஜநாராயணன், பள்ளிப் படிப்பு மிகச் சிலவே பெற்றவர். அவர் 1982-இல் கரிசல் வட்டாரச் சொற்களுக்கு ஓர் அகராதி வெளியிட்டார். உழவரும் பெண்டிரும் வழங்கிய சொற்கள் அதனால் ஏடேறின. உ. வே. சாமிநாத ஐயர் ஊர் ஊராகச் சென்று தேடியவை ஓலைச்சுவடிகள். வட்டாரச் சொல் தேடுவோர்க்குச் சுவடி முதியோர் வாயே. ஓலையைச் செல் அரிக்கும்முன் அவர் முந்தினார். இங்கே முந்த வேண்டியது முதுமையை.

சின்னாளபட்டியை அடுத்துள்ள காந்திகிராமம் 1947-இல் தோன்றியது. அங்கு 1956-இல் நிறுவப்பட்ட கிராமியக் கல்லூரி, பின்னர் பல்கலைக்கழக நிலை எய்தியது. சிற்றூரில் தங்கி ஊராரிடம் கற்பதும் கல்வியே என்னும் கொள்கை அந்நிறுவனத்தின் மரபு. அக்கொள்கையைப் பள்ளி மாணவர் அளவில் நடத்தச் செலவு மிகுதியில்லை: ஒரு நூலக மேசையும், கோடுபோட்ட ஏடும், வாரத்தில் ஒரு மாலையும் போதும்.

ஆயினும் சில நெறிகள் வேண்டும். கேட்டவர் பெயர், சொன்னவர் பெயர், ஊர், நாள் ஆகியவை ஒவ்வொரு பக்கத்திலும் இருத்தல் இன்றியமையாதது. சொன்னவர் இசைவின்றி எதனையும் எழுதலாகாது. பூட்டுத் தொழிலாளி தம் திறவின் மருமத்தைச் சொல்ல மறுப்பாராயின், மறுப்பது அவர் உரிமை; அம்மருமமே அவர் பிழைப்பு. ஆசிரியர் பிழை திருத்தலாம். வட்டாரச் சொல்லை அடித்துவிட்டு நூற்சொல்லை இடலாகாது. இலக்கணம் அறிந்தோர் இவ்விடத்தில்தான் பெரிதும் தவறுகின்றனர். மற்றொன்று: பரிசுப் போட்டிக்கெனத் துணைநூல்களைப் பார்த்து எழுதப்படும் கட்டுரை நூறினும், தன் பாட்டியிடம் கேட்டு எழுதிய ஒரு பக்கம் நூலகத்திற்குப் பெருஞ்செல்வம். முன்னவை எங்கும் கிடைப்பன.

ஒரே படியாக உள்ள ஏட்டிற்கு ஆபத்தும் உண்டு. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கும் படியில்லாத சுவடிகளும் அவற்றுள் சாம்பலாயின. 2005-இல் ஈழத்தமிழர் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் மின்னூலகம், தம் மக்களின் ஏடுகளைப் படமெடுத்து இணையத்தில் சேர்த்துவருகிறது. வாய்மொழி வரலாறுகளையும் ஒலியாகப் பதிந்து வைக்கிறது. மாணவர் எழுதிய ஏட்டையும் படி எடுத்து, ஒன்றைப் பள்ளியிலும் ஒன்றை நூலகத்திலும் வைத்தல் வேண்டும். முதியவர் பேச்சைக் கைப்பேசியில் பதிந்து அதனோடு சேர்த்தலும் எளிது.

ஏடு முடிந்தபின் அதனை விழா மேடையில் காட்டிவிட்டுப் பெட்டியில் பூட்டி வைப்பது வழக்கமாகிவிட்டது. மற்ற நூல்களைப் போலவே அதற்கும் வரவுப் பதிவேட்டில் ஓர் எண் வேண்டும். அலமாரியில் ஓர் இடம் வேண்டும். இரவல் கொடுக்கப்படவும் வேண்டும். இறுதியில் சில பக்கங்கள் வெறுமையாக விடப்படுதல் நன்று. அடுத்த ஆண்டு அவ்வேட்டை எடுத்துச் செல்லும் சிறுமியின் வீட்டில், வால்கயிற்றுக்கு வேறொரு பெயர் வழங்கியிருக்கலாம். அதனை அவள் அங்கே எழுதிச் சேர்ப்பாள்.