துரித உணவுச்சாலைகளில் உண்ணத்தக்க காய்கறிகள்

காய்கறிகள் தேகாரோக்கியத்திற்கு இன்றியமையாதன. வயது வந்த ஒருவர் தினந்தோறும் 400 கிராமுக்குக் குறையாமல் பழமும் காய்கறியும் உட்கொள்ள வேண்டுமென்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகின்றது. இக்கணக்கில் உருளைக்கிழங்கு சேராது. ஆகையால், துரித உணவுச்சாலையில் ரொட்டியுடன் பொரித்த உருளைக்கிழங்கைத் தின்றவர் காய்கறி உண்டதாக எண்ணுதல் தவறு. அத்தகைய இடங்களில் தெரிந்தெடுக்கத்தக்க காய்கறிகள் எவை என்பதும், இவ்விஷயத்தில் பயிரிடுவோர்க்குள்ள பொறுப்பும் கீழே விளக்கப்படுகின்றன.

அபாயம் நேரும் விதம்.— அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 2024-ம் வருஷம் மெக்டொனால்ட்ஸ் உணவுச்சாலைகளில் உண்டவர்களிடையே ஈ. கோலை என்னும் கிருமியால் நோய் பரவிற்று. 14 மாகாணங்களில் 104 பேர் நோயுற்றனர்; ஒருவர் மாண்டார். இறைச்சி ரொட்டியில் வைக்கப்பட்ட பச்சை வெங்காயச் சீவலே காரணமாயிருக்கக்கூடுமென்று அதிகாரிகள் முடிவு செய்தனர். 2011-ம் வருஷம் ஜெர்மனியில் வெந்தய முளையின் மூலம் இவ்வினக் கிருமி பரவி, சுமார் 3,800 பேர் நோயுற்று, 50-க்கு மேற்பட்டோர் இறந்தனர்.

வெங்காயமும் வெந்தயமும் நல்ல பொருள்களே. அடுப்பேறாமல் உண்ணப்பட்டமையே தீமைக்கு இடந்தந்தது. ஒரே தொழிற்சாலையில் நறுக்கிய காய் பல கடைகளுக்குச் செல்வதால், ஓரிடத்து அசுத்தம் பலரையும் தாக்குகின்றது. முளை கட்டுவதற்கு வேண்டிய ஈரமும் வெதுவெதுப்பும் கிருமி பெருகுவதற்கும் ஏற்றவை. கழுவுவதால் கிருமி குறையுமேயன்றி, இலை மடிப்பிலும் வெட்டுவாயிலும் ஒட்டியது முற்றும் நீங்குவதில்லை.

உண்போர் கவனிக்க வேண்டியவை.—

(1) நன்றாக வெந்து ஆவி பறக்க வரும் காய்கறியே உத்தமம். உட்பாகமும் 70 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்தில் 2 நிமிஷம் வெந்தால் இக்கிருமிகள் மடியும். காய்கறி சூப், வேகவைத்த மக்காச்சோளம், பீன்ஸ் முதலியன ஏற்றவை. ஆறிப்போனதை வாங்கலாகாது.

(2) கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், முதியோர், நோயாளிகள் ஆகியோர் பச்சை முளைகளை அறவே விலக்குதல் நலம்.

(3) பச்சையாக உண்ண விரும்புவோர்க்கு வாழைப்பழம், ஆரஞ்சு போன்ற, தாமே தோலுரித்து உண்ணத்தக்க முழுப்பழங்கள் தகுந்தவை.

(4) காய்கறிமேல் ஊற்றும் குழம்புகளில் கொழுப்பும் உப்பும் மிகுதி. அவற்றைத் தனியே கேட்டு வாங்கிச் சிறிதளவே சேர்க்கவேண்டும். ஒரு நாளைய உப்பு முழுவதும் 5 கிராமுக்குள் அடங்கவேண்டும்.

பயிரிடுவோர் கவனிக்க வேண்டியவை.— ஈ. கோலை இனத்தின் கொடிய வகைகள் நோயில்லாத மாட்டின் குடலிலும் வசிக்கும். ஆகவே, பச்சையாக உண்ணும் கீரை, வெள்ளரி, வெங்காயம் முதலியவற்றிற்குப் புதுச்சாணத்தை எருவாக இடலாகாது. அமெரிக்க இயற்கைச் சாகுபடி விதிகளின்படி, மண்ணில் படும் பயிர்களுக்குப் புது எருவை அறுவடைக்கு 120 நாட்களுக்கு முன்னரே மண்ணில் கலந்துவிட வேண்டும். மக்கிய எருவாயின், குவியலின் உட்புறம் 15 நாட்கள் 55 டிகிரி சென்டிகிரேடுக்குக் குறையாமல் சூடேறி, அதற்குள் ஐந்து முறையேனும் புரட்டப்பட்டிருத்தல் அவசியம். ஜலத்தை இலைமேல் ஊற்றாமல் வேரடியில் பாய்ச்சுக. அறுத்த கீரையை மாடு இறங்கும் குட்டையில் அலசாமல், சுத்தமான கிணற்று நீரில் கழுவுக.

வேகவைத்து உண்ணும் காய்க்கு அடுப்பு காவலாகும். பச்சையாக உண்ணும் காய்க்குத் தோட்டத்தில் காட்டும் சுத்தமே முதற் காவல். இதனைப் பயிரிடுவோர் ஒவ்வொருவரும் மனத்திற் கொள்வாராக.