திடீரென அணையும் கணனியும் கடன் கணக்கும்

கடைக் கணக்கை வீட்டுக் கணனியில் வைத்திருக்கும் வியாபாரிகள் பலர், அது வேலைக்கு நடுவே நின்றுவிட்டால் உடனே புதியது வாங்க நினைக்கிறார்கள். அவசரம் வேண்டாம் என்பேன். கடனை எழுதிக்கொள்ளும்படி சூரா அல்பகராவின் 282ஆம் வசனம் பணிக்கிறது. அந்தக் கணக்கு நம்மிடமுள்ள அமானிதம். எனவே முதலில் அதைப் பென் ட்ரைவில் பிரதியெடுத்துக் கழற்றி வையுங்கள்.

அடுத்து அறிகுறியைக் கவனியுங்கள். எந்த அறிவித்தலுமின்றி அணைந்தால், சூட்டையும் மின்வழங்கியையும் நான் முதலில் சந்தேகிப்பேன். மின்சாரத்தைத் துண்டித்து, விசிறியிலுள்ள தூசியை அகற்றுங்கள். நீலத்திரை தோன்றினால், குறியீட்டை எழுதிக்கொண்டு விண்டோஸிலுள்ள நினைவகப் பரிசோதனையைச் செய்யுங்கள். பிழை காட்டினால் ரெம்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதியுங்கள். இல்லையேல் அண்மையில் நிறுவிய மென்பொருளை நீக்கிப் பாருங்கள்.

ஒரு தடவைக்கு ஒரு மாற்றமே செய்யுங்கள். இரண்டைச் சேர்த்து மாற்றினால் பழுது எதிலென்று தெரியாமல் காசுதான் வீணாகும்.