கியர்ப்பெட்டியைக் குற்றஞ்சாட்டாதீர்கள்

"நியூற்றலில் நல்லா நிக்குது அண்ணை, கியர் போட்டவுடனை நூருது. கியர்ப்பெட்டி அடிச்சுப்போட்டுது." பருத்தித்துறையிலும் இதையே சொல்கிறார்கள், குருநகரிலும் இதையே சொல்கிறார்கள், பேசாலையிலிருந்து தொலைபேசியில் கூப்பிடுபவரும் இதையே சொல்கிறார். யார் பார்த்துச் சொன்னது என்று கேட்டால், பக்கத்து வள்ளக்காரர் சொன்னாராம், சாமான் கடையில் சொன்னார்களாம். கழற்றிப் பார்த்தவர் ஒருவருமில்லை. ஆனால் கியர்ப்பெட்டிக்கு விலை கேட்டாயிற்று, நகை அடகுக்கும் போயாயிற்று.

பழைய டூ ஸ்ரோக் வெளியிணைப்பு எஞ்சின் கியரில் நூர்வதற்குக் கியர்ப்பெட்டி காரணமாக இருப்பது மிக அரிது. கியர்ப்பெட்டி பழுதானால் எஞ்சின் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக நடந்துகொள்ளும்.

எஞ்சின் காலின் அடியில் இருக்கும் அந்தப் பெட்டிக்குள் பெரிய மர்மம் ஒன்றும் கிடையாது. எஞ்சினிலிருந்து செங்குத்தாக இறங்கும் தண்டின் நுனியில் ஒரு சிறு பல்சக்கரம். அதோடு முன்னும் பின்னும் எப்போதும் பொருந்தியபடி இரண்டு பல்சக்கரங்கள். நியூற்றலில் நிற்கும்போதும் இவை இரண்டும் எதிரெதிர்த் திசையில் சுழன்றுகொண்டுதான் இருக்கின்றன. நாம் கியர் போடும்போது நடப்பதெல்லாம், புறொப்பெலர் தண்டின் மேல் இருக்கும் டொக் கிளச் முன்னாலோ பின்னாலோ நகர்ந்து ஒரு சக்கரத்தைப் பிடித்துக்கொள்வது மட்டும்தான். அந்தக் கிளச்சின் மூலைகள் தேய்ந்தால் பிடி வழுக்கும். "டக் டக்" என்று அடிக்கும். பாரம் விட்டுப்போவதால் எஞ்சின் கத்திக்கொண்டு வேகம் ஏறும். புறொப்பெலருக்குள் இருக்கும் றப்பர் புஷ் வழுக்கினாலும் இதே கதைதான்: எஞ்சின் அலறும், வள்ளம் நகராது. இரண்டிலும் எஞ்சின் நூராது. பாரம் குறைந்த எஞ்சின் எப்படி நூரும்?

கியர்ப்பெட்டி எஞ்சினை நிறுத்த வேண்டுமானால் அங்கே ஏதாவது இறுகியிருக்க வேண்டும். பெயாரிங் ஒன்று பிடித்திருக்கலாம், அல்லது தங்கூசி நூல் புறொப்பெலர் தண்டில் சுற்றியிருக்கலாம். இதைப் பார்க்க ஒரு சதமும் செலவில்லை. எஞ்சினை நிறுத்துங்கள், பிளக் வயர்களைக் கழற்றுங்கள், நியூற்றலில் விட்டுப் புறொப்பெலரைக் கையால் சுற்றிப் பாருங்கள். இலகுவாகச் சுற்றினால் பேச்சு முடிந்தது. பழுது மேலே இருக்கிறது. (கியரில் போட்டுச் சுற்றிவிட்டு "இறுக்கமாக இருக்குது" என்று என்னிடம் வராதீர்கள். கியரில் நீங்கள் சுற்றுவது பிஸ்டனையும் சேர்த்து.) சந்தேகம் தீராவிட்டால் கீழே இருக்கும் திருகாணியைத் திறந்து கியர் ஒயிலைக் கொஞ்சம் வடியுங்கள். பால் போல வெளுத்திருந்தால் சீல் போய் உப்புத்தண்ணீர் நுழைந்திருக்கிறது, அதைக் கட்டாயம் திருத்த வேண்டும். ஆனால் இன்றைக்கு எஞ்சின் நூர்வதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இரும்புத் துணுக்குகள் வந்தால் மட்டும் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள்.

அப்படியானால் ஏன் நியூற்றலில் நிற்கிறது, கியரில் நூர்கிறது? ஸ்ராண்டில் போட்ட சைக்கிளைச் சின்னப் பிள்ளையும் மிதிக்கும்; பின் கரியரில் ஆளை ஏற்றி எதிர்க்காற்றில் மிதித்தால்தான் காலின் பலம் தெரியும். நியூற்றலில் எஞ்சின் தன்னைத்தான் சுற்றிக்கொள்கிறது. கியர் விழுந்த கணத்தில் புறொப்பெலர் தண்ணீரைத் தள்ள வேண்டும். பலம் குறைந்த எஞ்சின் அந்த இடத்தில்தான் விழும்.

பலம் எங்கே போனது என்பதுதான் கேள்வி. இரண்டு சிலிண்டர் எஞ்சின் என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை என்பதை. ஒற்றைச் சிலிண்டரில் நியூற்றலில் நிற்பது அந்த எஞ்சினுக்குப் பெரிய காரியமில்லை. கொஞ்சம் நடுங்கும், அவ்வளவுதான். குருநகரிலிருந்து ஒரு 25 குதிரைவலு எஞ்சின் வந்தது. வேறொரு கடையில் கியர்ப்பெட்டியைப் பிரித்துப் பூட்டிக் காசும் வாங்கிவிட்டார்கள், பழுது அப்படியே இருந்தது. மேல்மூடியைத் திறந்தேன். மேல் பிளக் காய்ந்து மண்ணிறமாக இருந்தது, கீழ்ப் பிளக் பெற்றோலில் தோய்ந்து ஈரமாக இருந்தது. கீழ்ப் பிளக்கின் தொப்பியைக் கழற்றினால் வயருக்குள் செப்புக் கம்பி உப்பில் அரித்துப் பச்சைத் தூளாய்க் கொட்டியது. அரை அங்குலம் வெட்டித் தொப்பியைத் திரும்பத் திருகினேன், தீர்ந்தது. கியர்ப்பெட்டிக்கு வாங்கிய காசை யார் திருப்பிக் கொடுப்பது?

இதைக் கண்டுபிடிக்க மெக்கானிக்கே வேண்டாம். எஞ்சினை நிறுத்தி, ஒரு பிளக் வயரைக் கழற்றி அதை எஞ்சின் உடம்போடு எர்த் பண்ணிவிட்டுக் கிளப்புங்கள். பிறகு மற்றதைக் கழற்றிக் கிளப்புங்கள். எதைக் கழற்றினால் வித்தியாசம் தெரியவில்லையோ, அந்தச் சிலிண்டர் ஏற்கெனவே செத்துக் கிடக்கிறது. ஓடும் எஞ்சினில் வயரை இழுத்து அந்தரத்தில் விட்டு வீரம் காட்டாதீர்கள். உங்களுக்கும் அடிக்கும், தீப்பொறி கொடுக்கும் சி.டி.ஐ. பெட்டிக்கும் கூடாது.

இரண்டு சிலிண்டரும் உயிரோடு இருந்தால் காபரேற்றருக்குப் போங்கள். மெதுவான ஓட்டத்துக்குப் பெற்றோல் கொடுப்பது ஊசித்துளை அளவான ஒரு சிறு ஜெட். மாரி முழுக்க எஞ்சினை மூலையில் சாத்திவைத்தால் பெற்றோல் காய்ந்து பிசினாகி முதலில் அடைவது அதுதான். நியூற்றலுக்குப் போதுமான எண்ணெய் வரும், பாரம் ஏறினால் போதாது. காபரேற்றர் வாயால் ஒரு தும்மல் தும்மிவிட்டு நின்றுவிடும். கியர் போடும்போது சோக்கை இலேசாக இழுத்துப் பாருங்கள், நின்றுவிடாமல் ஓடினால் எண்ணெய் போதவில்லை என்று எஞ்சினே சொல்லிவிட்டது. எண்ணெய்க் குழாயில் இருக்கும் றப்பர் குமிழைப் பிசையும்போது உயிர் வந்தால் ஜெட்டை விட்டுவிட்டு எண்ணெய்ப் பம்பின் சவ்வையும் குழாய்ப் பொருத்துகளையும் பாருங்கள். தாங்கி மூடியின் காற்றுத் திருகு திறந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். சிரிக்காதீர்கள், இதற்காகவே எஞ்சினைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் இருக்கிறார்கள்.

என்னை உண்மையில் கோபப்படுத்துவது, வீட்டு மருந்தாக எல்லோரும் செய்யும் வேலை: ஐடில் திருகை முறுக்கி வேகத்தைக் கூட்டிவிடுவது. கியரில் நூராது, சரி. ஆனால் அந்த வேகத்தில் ஒவ்வொரு முறை கியர் போடும்போதும் டொக் கிளச்சின் மூலைகள் இரும்போடு இரும்பாக மோதி உடைகின்றன. ஆறு மாதத்தில் கியர்ப்பெட்டி நிஜமாகவே போய்விடும். அப்போது "அண்டைக்கே சொன்னன், கியர்ப்பெட்டிதான்" என்று அதே ஆள் வந்து நிற்பார். கியரை மெல்ல மெல்ல நகர்த்திப் போடுவது எஞ்சினுக்கு நல்லது என்பதும் தவறு. மெதுவாகப் போட்டால் பற்கள் முழுதாகப் பிடிக்காமல் உரசி உருண்டுபோகும். வேகத்தைக் குறையுங்கள், பிறகு ஒரே அழுத்தாக அழுத்திப் போடுங்கள்.

ஐடிலைச் சரிசெய்வதற்கும் இடம் இருக்கிறது. கடையில் தண்ணீர்ப் பீப்பாவுக்குள் நிறுத்திச் செய்த சரிசெய்கை கடலில் நிற்காது. பீப்பாவில் தண்ணீர் மட்டம் வேறு, புகை வெளியேறும்போது எதிர்க்கும் அழுத்தம் வேறு, புறொப்பெலருக்கு வரும் பாரமும் வேறு. வள்ளத்தை இறங்குதுறையில் இறுக்கிக் கட்டி, எஞ்சின் சூடேறிய பிறகு, கியரில் போட்டபடி சரிசெய்யச் சொல்லுங்கள்.

மற்றக் கதைகளுக்கு இவ்வளவு நேரம் வேண்டாம். ஒயில் கூடப் போட்டால் எஞ்சின் நீடிக்கும் என்பார்கள். நீடிக்காது, பிளக் கறுக்கும், றிங் ஒட்டும், கூடிய ஒயில் அளவுக்குப் பெற்றோல் குறையும். கைநூல் 50க்கு 1 என்றால் 20 லீற்றருக்கு 400 மில்லிலீற்றர். போத்தல் மூடியால் மதிப்பிடாதீர்கள். மோட்டார் சைக்கிளின் டூ ரி ஒயிலும் ஒயில்தானே என்பார்கள். அது காற்றில் குளிரும் எஞ்சினுக்கானது, சாம்பல் விடும். தண்ணீரில் குளிரும் எஞ்சினுக்கு ரி.சி.டபிள்யூ-3 என்று பதித்த ஒயில்தான் வேண்டும். பிளக் மாற்றினால் எல்லாம் சரியாகும் என்பவர்கள், பிளக் ஏன் கறுத்தது என்று கேட்பதே இல்லை.

மண்ணெண்ணெய்க் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிளையே சொட்டுப் பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினோம். அது பிழைப்பதற்குக் கண்ட வழி. அதைச் சாட்சியாக வைத்து எந்த எஞ்சினும் மண்ணெண்ணெயில் ஓடும் என்று சொல்லக் கூடாது. மண்ணெண்ணெய்க்கென்றே குறைந்த கம்ப்ரஷனோடு செய்த எஞ்சின் வேறு. அதையும் பெற்றோலில் கிளப்பி, சூடேற்றி, பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்துமுன் மறுபடி பெற்றோலுக்கு வர வேண்டும். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குப் போனபோது தொழிலாளி பட்ட பாடு எனக்குத் தெரியும். பெற்றோலைச் சொட்டுச் சொட்டாக மிச்சம் பிடிப்பதும் புரிகிறது. ஆனால் குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாது. விடியற்காலையில் கியர் போட நூர்கிறது என்றால், முதல்நாள் மண்ணெண்ணெயிலேயே நிறுத்தினீர்களா என்பதுதான் என் முதல் கேள்வி.

கடைசியாக, நான் எங்கே போனாலும் கத்தும் விடயம். ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒரு கொப்பி வேண்டும். பிளக்குகளைக் கழற்றி, த்ரொட்டிலை முழுதாகத் திறந்து, கம்ப்ரஷன் மானியைப் பூட்டிக் கயிற்றை இழுத்தால் ஐந்து நிமிட வேலை. வருடத்துக்கு ஒருமுறை இரண்டு சிலிண்டரின் எண்ணையும் அதில் எழுதி வையுங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். விலகத் தொடங்கினால் எஞ்சின் கடலில் உங்களைக் கைவிடுமுன் கொப்பி சொல்லிவிடும். பிறகு திருத்தக் கொடுத்தால், கழற்றிய பழைய சாமான்களைக் கையில் வாங்காமல் காசு கொடுக்காதீர்கள். கடற்றொழிலாளர் சங்கம் ஒவ்வொன்றும் ஒரு கம்ப்ரஷன் மானி வாங்கி வைத்தால் என்ன குறைந்துவிடும்? திருவிழாவுக்கு ஒலிபெருக்கி பிடிக்கும் செலவில் ஒரு சிறு பங்குகூட ஆகாது.

அடுத்தமுறை யாராவது கியர்ப்பெட்டியைக் கழற்ற வேண்டும் என்றால், இரண்டு சிலிண்டரின் கம்ப்ரஷன் எவ்வளவு என்று கேளுங்கள். எண் சொல்லத் தெரியாதவரிடம் எஞ்சினை விடாதீர்கள்.