நீண்ட பாரமும் நெம்புகோலும்



நம் பெங்களூரில் பீன்யா, பொம்மசந்திரா பக்கம் போகிறவர்கள் ஒரு காட்சியைத் தவறாமல் காண்பார்கள். கிடங்கின் வாயிலில் டிரெய்லர் ஒன்று நிற்கும். அதன் பக்கத்தில் போர்க்லிப்ட் ஒன்று இரும்புக் குழாய்க் கட்டை ஏந்திக்கொண்டு முன்னும் பின்னும் நகரும். சுற்றிலும் நான்கைந்து தொழிலாளர்கள் நின்று கை காட்டுவார்கள். பார்ப்பதற்கு எளிய வேலைதான். ஆனால் பௌதிக வகுப்பில் நாம் கரும்பலகையில் எழுதிய நெம்புகோல் விதி, உராய்வு விதி, சுழற்சி விதி ஆகிய மூன்றும் அங்கே ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. அவற்றுள் ஒன்றை மறந்தாலும் ஒருவர் காலையோ உயிரையோ இழக்க நேரும். ஆகவே நீண்ட, பருத்த சரக்கை டிரெய்லரில் ஏற்றும் முறையையும், அதில் ஆபத்து ஒளிந்திருக்கும் இடங்களையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

1. நான்கு சக்கரமுள்ள முக்காலி

அமெரிக்காவில் கிளார்க் நிறுவனம் 1917-இல் செய்த சரக்கு வண்டியும், யேல் நிறுவனம் 1923-இல் கவைகளும் உயரும் கம்பமும் பொருத்திச் செய்த வண்டியுமே இன்றைய போர்க்லிப்டின் முன்னோர்கள். இரண்டாம் உலகப்போரின்போது பலகைத் தட்டுகளில் சரக்கை அடுக்கி அனுப்பும் வழக்கம் பரவியது. அதனுடன் இக்கருவியும் உலகெங்கும் பரவிற்று.

இதன் தத்துவம் நாம் சிறு வயதில் ஏறி விளையாடிய ஏற்றப்பலகையின் தத்துவமேயாகும். முன் அச்சு ஆதாரம். அதற்கு முன்னே கவையின்மேல் சரக்கு. அதற்குப் பின்னே வண்டியின் எடையும், வாலில் வைத்த கனத்த வார்ப்பிரும்பும். பின்பக்கத் திருப்புத்திறன் மிகுந்திருக்கும் வரையில் வண்டி நிற்கும். முன்பக்கம் மிகுந்தால் பின்சக்கரம் தரையை விட்டு எழும். வண்டியைத் திருப்புவது பின்சக்கரம் என்பதால், அது இலேசாகத் தூக்கினாலே ஓட்டுநரின் கட்டுப்பாடு போய்விடும்.

இன்னொரு செய்தி பலருக்கும் வியப்பளிக்கும். சக்கரம் நான்கு இருந்தாலும் இவ்வண்டி மூன்று புள்ளிகளின்மேலேதான் நிற்கிறது. பின் அச்சு நடுவில் ஓர் ஊசலைப் போல் பிணைக்கப்பட்டிருப்பதே காரணம். இரு முன்சக்கரங்களும் பின் அச்சின் நடுப்புள்ளியும் சேர்ந்து ஒரு முக்கோணம் ஆகின்றன. வண்டி, சரக்கு இரண்டுக்கும் பொதுவான புவியீர்ப்பு மையம் அந்த முக்கோணத்துக்கு மேலேயே இருக்கவேண்டும். முன்புறம் விலகினால் வண்டி முகங்குப்புற விழும்; பக்கத்தில் விலகினால் புரளும். சரக்கு உயர உயர மையமும் உயரும். அப்போது சிறு சரிவோ சிறு திருப்பமோ போதும்.

2. மூன்று டன் எப்போது மூன்று டன்?

போர்க்லிப்டின் உடலில் ஒரு தகடு அறையப்பட்டிருக்கும். அதில் 3000 கிலோ என்று எழுதியிருந்தால், எந்தச் சரக்கையும் 3000 கிலோ வரை தூக்கலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. அத்தகட்டிலேயே இன்னோர் எண்ணும் இருக்கும். பெரும்பாலும் 500 மில்லிமீட்டர். கவையின் நிமிர்ந்த முகப்பிலிருந்து சரக்கின் மையம் அரை மீட்டரில் இருந்தால்தான் மூன்று டன் என்பது அதன் பொருள்.

கணக்கிட்டுப் பார்ப்போம். முன் அச்சிலிருந்து கவையின் முகப்பு 45 சென்டிமீட்டர் தள்ளியுள்ளது என்று கொள்வோம். அப்போது மொத்தத் தூரம் 95 சென்டிமீட்டர். 3000-ஐ 95-ஆல் பெருக்கினால் 2,85,000. இதுவே தாங்கக்கூடிய திருப்புத்திறன். இனி இரண்டு மீட்டர் அகலமுள்ள பெரிய மரப்பெட்டி ஒன்று வருகிறது. அதன் மையம் முகப்பிலிருந்து 100 சென்டிமீட்டரில் இருக்கும். அச்சிலிருந்து 145 சென்டிமீட்டர். 2,85,000-ஐ 145-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1965 கிலோதான் வருகிறது. மூன்று டன் வண்டி இரண்டு டன் வண்டியாகிவிட்டது! பெட்டியின் எடை 2500 கிலோ என்றால், தகட்டின் முதல் எண்ணை மட்டும் படித்தவர் வண்டியைக் கவிழ்த்துவிடுவார். உண்மையான வேலையில் இக்கணக்கை நம்பாமல் தகட்டில் உள்ள அட்டவணையையே பின்பற்றவேண்டும். காரணம் விளங்கவே கணக்கைக் காட்டினேன்.

3. நீளம் தரும் தொல்லைகள்

ஆறு மீட்டர்க் குழாய்களை நெடுக்காகக் கவையில் ஏற்ற இயலாது. மையம் கவையின் நுனியைத் தாண்டிப் போய்விடும். ஆகவே குறுக்காகத்தான் ஏந்தவேண்டும். குறுக்காக ஏந்தும்போது முன்பின் சமநிலை எளிதாகிறது. ஆனால் மூன்று புதிய தொல்லைகள் வருகின்றன.

முதலாவது, நடு தவறுதல். இரு கவைகளுக்கும் இடையே ஒரு மீட்டர் என்க. 1000 கிலோ கட்டின் மையம் நடுவிலிருந்து 30 சென்டிமீட்டர் விலகினால், ஒரு கவை 800 கிலோவையும் மற்றது 200 கிலோவையும் சுமக்கும். 50 சென்டிமீட்டர் விலகினால் ஒரு கவையின்மேல் சுமையே இராது. கட்டு சாயத் தொடங்கும்.

இரண்டாவது, சுழற்சி. 1000 கிலோ எடையுள்ள ஒரு மீட்டர்ச் சதுரப் பெட்டியின் நிலைமத் திருப்புத்திறன், தன் மையத்தைச் சுற்றி, ஏறத்தாழ 167 அலகு. அதே எடையுள்ள ஆறு மீட்டர்க் குழாய்க்கட்டுக்கு 3000 அலகு. பதினெட்டு மடங்கு! வண்டி திரும்பத் தொடங்கும்போது கட்டு வர மறுக்கும். வண்டி நின்ற பிறகும் கட்டு நிற்க மறுக்கும். கவையின்மேல் இரும்பு வழுக்குவது அப்போதுதான். மேலும், வண்டி ஒரு நொடிக்கு 30 பாகை வீதம் திரும்பினால், சுழலும் இடத்திலிருந்து 3.5 மீட்டர் தள்ளியுள்ள குழாய் நுனி நொடிக்கு ஏறத்தாழ 1.8 மீட்டர் வேகத்தில் வீசும். மனிதன் நடக்கும் வேகத்தைவிட அது அதிகம். ஓட்டுநருக்கு மெதுவாகத் தோன்றும் திருப்பம், நுனியருகே நிற்பவருக்கு ஓங்கிய அடியாகும்.

மூன்றாவது, தொய்வு. கட்டடக் கம்பிகள் வழக்கமாக 12 மீட்டர் நீளத்தில் வருகின்றன. விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து, அதன் வர்க்கத்தை 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு இத்தனை கிலோ என்பது கிடைக்கும். 16 மில்லிமீட்டர்க் கம்பி மீட்டருக்கு 1.58 கிலோ; நூறு கம்பிகள் சேர்ந்தால் 1.9 டன். எடை போர்க்லிப்டுக்கு அடங்கும், நீளம் அடங்காது. இருபுறமும் ஐந்தரை மீட்டர் தொங்கி, நுனிகள் தரையில் உரசும். இத்தகைய சரக்குக்கு நீண்ட தூக்குச்சட்டமும், அதைத் தூக்க ஹைட்ரா எனப்படும் கிரேனுமே தக்கவை. எந்தக் கருவியைக் கொண்டு வேலை செய்யக்கூடாது என்று அறிவதும் அறிவேயன்றோ?

4. டிரெய்லர் என்னும் தராசு

ஜீப்பின் பின்னாலோ டிராக்டரின் பின்னாலோ பூட்டும் இருசக்கர டிரெய்லரும் ஒரு தராசே. அச்சு அதன் ஆதாரம். கொக்கி அதன் ஒரு முனை. கொக்கிக்கும் அச்சுக்கும் மூன்று மீட்டர் என்போம். 1000 கிலோ சரக்கின் மையம் அச்சுக்கு 30 சென்டிமீட்டர் முன்னே இருந்தால், கொக்கியின்மேல் 100 கிலோ அழுத்தம் விழும். சரக்கில் பத்தில் ஒரு பங்கு. இது நல்லது. மையம் அச்சுக்கு 30 சென்டிமீட்டர் பின்னே போனால், அதே 100 கிலோ கொக்கியை மேலே தூக்கும். இழுக்கும் வண்டியின் பின்சக்கரங்கள் பிடிமானம் இழக்கும். ஓட்டத்தில் டிரெய்லர் பாம்புபோல் வளையும். பூட்டாத டிரெய்லரானால் ஏற்றும்போதே கொக்கி எழும்பி எதிரே நிற்பவரைத் தாக்கும்.

மிகுதியாக ஏற்றினால் மயில்தோகை ஏற்றிய வண்டியும் அச்சு முறியும் என்று வள்ளுவர் அறிவுறுத்தினார். எவ்வளவு ஏற்றுகிறோம் என்பதோடு, எங்கே ஏற்றுகிறோம் என்பதையும் நாம் சேர்த்து எண்ணவேண்டும்.

5. ஏற்றும் முறை

என் சித்தப்பா தருமபுரியிலிருந்து வந்து, இந்நகரின் இரும்புக் கிடங்கொன்றில் பல ஆண்டுகளாகச் சுமையேற்றும் வேலை பார்ப்பவர். "நடு தெரியாமத் தூக்கக் கூடாதுடா தம்பி" என்பது அவருடைய முதல் விதி. அவரிடம் கேட்டறிந்ததையும் நூல்களில் கண்டதையும் சேர்த்து வரிசையாகத் தருகிறேன்.

(அ) டிரெய்லரை மட்டமான தரையில் நிறுத்தி, இழுக்கும் வண்டியுடன் பூட்டி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்கவேண்டும்.

(ஆ) கட்டின் நடுவைச் சுண்ணக்கட்டியால் குறிக்கவேண்டும். டிரெய்லரிலும் அந்த நடு வந்து அமரவேண்டிய இடத்தை, அச்சுக்குச் சற்று முன்னே, குறித்துக்கொள்ளவேண்டும்.

(இ) கவைகளை இயன்ற அளவு அகலமாக விரித்து, சரக்கைக் கம்பத்தோடு ஒட்டி ஏந்தவேண்டும். ஒரு சாண் உயரம் தூக்கி, சற்றே நிறுத்திப் பார்க்கவேண்டும். சாய்ந்தால் இறக்கி மீண்டும் ஏந்துவதே முறை.

(ஈ) நகரும்போது சரக்கு தாழ்ந்தும், கம்பம் சற்றுப் பின்சாய்ந்தும் இருக்கவேண்டும். டிரெய்லரின் அருகே வந்து நின்ற பிறகே உயர்த்தவேண்டும்.

(உ) நீண்ட சரக்கைப் பக்கவாட்டிலிருந்தே ஏற்றவேண்டும். டிரெய்லரின் மேடையில் முன்கூட்டியே குறுக்குக் கட்டைகளைப் பரப்பி வைத்தால்தான் கவையை உருவி எடுக்கலாம். உருண்டைக் குழாய்களுக்கு இருபுறமும் ஆப்பு வேண்டும்.

(ஊ) டிரெய்லரின் மறுபக்கத்தில் எவரும் நிற்கலாகாது. குழாய் தள்ளப்பட்டு விழுவது அந்தப் பக்கமே. சித்தப்பாவின் தோழர் ஒருவருடைய பாதம் நசுங்கியது அப்படித்தான்.

(எ) வண்டி புரளத் தொடங்கினால் ஓட்டுநர் குதிக்கலாகாது. குதித்தவரின்மேலேயே கூரைச்சட்டம் விழும். இருக்கைப் பட்டையை அணிந்து, சக்கரத்தைப் பற்றி, விழும் திசைக்கு எதிர்ப்புறம் சாய்ந்திருப்பதே உயிர்காக்கும் வழி.

6. கட்டுதல்

ஏற்றியதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. வண்டி திடீரென நிற்கும்போது, புவியீர்ப்பில் பாதியளவு வேகத்தளர்ச்சி ஏற்பட்டால், 1000 கிலோ சரக்கைப் பிடித்து நிறுத்த 500 கிலோ எடைக்குச் சமமான விசை வேண்டும். இரும்பின்மேல் இரும்பு இருந்தால் உராய்வு எண்ணை 0.2 என்று கொள்வோம். 200 கிலோதான் கிடைக்கும். எஞ்சிய 300 கிலோவைக் கயிற்றின் அழுத்தத்தால் பெற, 1500 கிலோ அழுத்தம் தேவை! கீழே மரக்கட்டை இருந்து உராய்வு எண் 0.4 ஆனால், 400 கிலோ தானே கிடைக்கும். எஞ்சிய 100 கிலோவுக்கு 250 கிலோ அழுத்தம் போதும். சில மரத்துண்டுகள் செய்யும் உதவியைப் பாருங்கள். சரக்குக்கு முன்னே வலுவான தடுப்பும் இருந்தால் மேலும் நன்று.

பின்னால் நீட்டிக்கொண்டு போகும் கம்பிகளால் இருசக்கர வண்டியில் வருவோர் பலர் மாண்டிருக்கிறார்கள். வண்டியின் உடலுக்கு வெளியே சரக்கு நீட்டிக்கொண்டிருக்க இடமளித்த விதியை 2014-இல் மத்திய அரசு நீக்கியது. 12 மீட்டர்க் கம்பிக்கு 40 அடி டிரெய்லர் வேண்டும். இல்லையேல் கம்பியை மடித்து ஏற்றவேண்டும். சிவப்புத் துணி கட்டுவதால் கம்பியின் கூர்மை குறைந்துவிடாது.

7. வந்தவாசியிலிருந்து ஈஜிபுரா வரை

நீண்ட பாரத்துக்கு நம் கண்முன் நிகழ்ந்த பேருதாரணம் ஒன்று உண்டு. திருவண்ணாமலை மாவட்டம் வந்தவாசிக்கு அருகே கொரக்கோட்டையில் ஒரே கல்லில் செதுக்கத் தொடங்கிய பெருமாள் சிலை, பெங்களூர் ஈஜிபுராவிலுள்ள கோதண்டராமசுவாமி கோயிலுக்காக 2018 டிசம்பரில் புறப்பட்டது. நீளம் 64 அடி. எடை ஏறத்தாழ 350 டன் என்று செய்தித்தாள்கள் எழுதின. 240 சக்கரங்கள் கொண்ட வண்டியில் அது ஏற்றப்பட்டது. கல்லின் எடையை மட்டும் பங்கிட்டால் சக்கரம் ஒன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை டன். மலை போன்ற பாரம், சாதாரண லாரிச் சக்கரம் தாங்கும் அளவுக்குக் கூறுபோடப்பட்டது. ஆயினும் டயர்கள் வெடித்தன. குறுகிய தெருக்களில் வழி அடைத்த கட்டடங்களை இடிக்க நேர்ந்தது. தென்பெண்ணையாற்றில் பாலத்தை நம்பாமல் தனியே மண்பாதை போடப்பட்டது. சில மணி நேரப் பயணத்துக்குரிய தூரத்தைக் கடந்து 2019-இல் தான் அது நகர் வந்து சேர்ந்தது. எடையைப் பங்கிடலாம், நீளத்தைப் பங்கிட முடியாது. திருப்பங்களில் அது பட்ட பாடெல்லாம் நீளத்தால் வந்ததே.

8. நமது கடமை

பெங்களூர்க் கிடங்குகளில் தமிழரும் கன்னடரும் பீகாரிகளும் ஒடியாக்காரரும் தோளோடு தோள் நின்று உழைக்கிறார்கள். நாம் "முன்னே" என்பதைக் கன்னடத்தில் "முந்தே" என்பர். "பின்னே" என்பது "ஹிந்தே" ஆகும். எஞ்சின் இரைச்சலில் இவற்றைக் கூவினால் யார் காதில் எது விழும்? நல்லவேளையாக "நில்லு" என்பது இரு மொழிக்கும் பொது. ஆயினும் வடநாட்டுத் தோழருக்கு அதுவும் புதிது. ஆகவே வேலை தொடங்குமுன் கைச்சைகைகளைப் பேசி முடிவு செய்துகொண்டு, ஒருவர் மட்டுமே சைகை காட்டவேண்டும். "நில்" என்ற சைகையை மட்டும் யார் காட்டினாலும் ஓட்டுநர் நிற்கவேண்டும்.

போர்க்லிப்டின் தகடு பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. அதன் கீழே உயிரைப் பணயம் வைத்து நிற்பவர் அதைப் படிக்க இயலாதவர். அவருடைய கை அறிந்த உண்மைக்கு நம் நூல் காரணம் சொல்கிறது. நம் நூல் அறியாத நுட்பத்தை அவர் கை அறிந்திருக்கிறது. இரண்டும் சந்திக்கவேண்டாமா? நம்மில் பலருடைய தந்தையோ மாமனோ அண்ணனோ இத்தகைய வேலையில் இருப்பவர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு தாளில் அந்த முக்கோணத்தை வரைந்து, 500 மில்லிமீட்டர் என்பதன் பொருளைத் தமிழில் அவருக்கு விளக்குங்கள். அவர் சொல்வதையும் கேட்டு எழுதி வாருங்கள். கன்னட நண்பர் இருந்தால் அவர் மொழியிலும் அதை எழுதச் செய்வோம்.