பொம்மைக்கு உடை தைப்போம்

நமது இதழ் கிராம மக்களுக்காக வெளிவருவது. ஆயினும் இம்மாதக் கைப்பணிப் பாடத்திற்குச் சென்னை மாநகரின் வடபகுதியிலுள்ள கல்மண்டபத்தை எடுத்துக்கொண்டோம். அதற்குக் காரணம் உண்டு. இராயபுரத்தைச் சேர்ந்த இப்பகுதிக்கு ஒரு புறம் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகமும் மீனவர் குடியிருப்புகளும் அமைந்திருக்கின்றன. மறுபுறம், துணிக்கடைகளுக்குப் பெயர் பெற்ற பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. சாலை இருக்கிறது. வலைத் தொழிலும் தையல் தொழிலும் அடுத்தடுத்து நடைபெறும் இத்தகைய இடம், கைப்பணிப் பாடத்திற்கு மிகவும் ஏற்றதன்றோ?

துணியோடு இவ்வட்டாரத்திற்குள்ள உறவு பழமையானது. வண்ணாரப்பேட்டை என்னும் பெயரே, கிழக்கிந்தியக் கம்பெனியார் காலத்தில் ஏற்றுமதித் துணிகளை வெளுத்துக் கொடுத்தவர்கள் அங்குக் குடியிருந்ததால் ஏற்பட்டது. திருவொற்றியூரைச் சேர்ந்த காலடிப்பேட்டை, 1717 முதல் 1720 வரை சென்னையின் ஆளுநராயிருந்த ஜோசப் காலெட் என்பவர் நெசவாளர்களைக் குடியேற்றிய ஊராகும். அவர் பெயரே மருவி ஊரின் பெயராயிற்று. இக்கரையிலிருந்து கப்பலேறிய கட்டம்போட்ட பருத்தித் துணிக்கு உலகச் சந்தையில் ‘மெட்ராஸ்’ என்றே பெயர் வழங்கலாயிற்று.

அத்தகைய துணி இன்று தையற்கடைகளில் என்ன ஆகிறது என்று பாருங்கள். ஓர் இரவிக்கை வெட்டினால் உள்ளங்கையகலத் துண்டுகள் சில மிஞ்சுகின்றன. மாலையில் கடையைப் பெருக்கும்போது அவை குப்பையோடு போய்விடுகின்றன. பெரியவர்களுக்கு அவை குப்பை; குழந்தைக்கோ பெருஞ்செல்வம். ஒரு கைப்பிடி வெட்டுத்துணி, ஓர் ஊசி, ஒரு நூல்கண்டு ஆகிய மூன்றையும் கொண்டு அளவையும் பொறுமையையும் சிக்கனத்தையும் குழந்தைக்குக் கற்பிக்கலாம். இப்பாடத்தை நான்கு சனிக்கிழமைகளில் நடத்தி முடிக்குமாறு அமைத்திருக்கிறோம்.

துணி சேகரித்தல்

முதலில் துணியைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். பருத்தித் துணியே நல்லது. வழவழப்பான செயற்கை இழைத் துணி சிறு கைகளில் நழுவும். விளிம்பும் விரைவில் பிரியும். பனியன் துணி பிரிவதில்லையாதலால், விளிம்பு மடிக்கத் தெரியாத சிறுவர்க்கு ஏற்றது. ஆனால் பட்டறைகளில் இயந்திரம் துடைத்த எண்ணெய்த் துணியை எக்காரணங்கொண்டும் குழந்தைகள் கையில் கொடுத்தலாகாது. சேகரித்த துணிகளை வெந்நீரில் நனைத்து, சோப்பிட்டு அலசி, வெயிலில் உலர்த்த வேண்டும். சாயம் போகும் துணியும் சுருங்கும் துணியும் அப்பொழுதே தெரிந்துவிடும்.

முதல் சனிக்கிழமை: ஊசியில்லாப் பொம்மை

பொம்மைக்கு உடுத்தி மகிழ்வது நமக்குப் புதிதன்று. செம்மரத்தில் செதுக்கிய மரப்பாச்சி இணையை மணமகளுக்குச் சீராகக் கொடுப்பதும், நவராத்திரிக் கொலுவில் வைக்குமுன் அதற்குப் பட்டுத் துண்டால் உடை அணிவிப்பதும் பல குடும்பங்களில் வழக்கம். மரப்பாச்சி இல்லாத வீட்டில் துணிப் பொம்மை செய்துகொள்ளலாம். ஐந்து வயதுக் குழந்தையும் இதைச் செய்யும்.

பழைய வேட்டியிலிருந்து 12 அங்குலச் சதுரமாக ஒரு துண்டு வெட்டிக்கொள்க. எலுமிச்சம்பழ அளவு துணிக் கந்தலை உருட்டி அதன் நடுவில் வைத்துத் துணியை மேலிருந்து கவிழ்த்து, உருண்டைக்குக் கீழே நூலால் இறுகக் கட்டுக. தலையும் கழுத்தும் அமைந்துவிட்டன. பிறகு 6 அங்குல நீளமும் 4 அங்குல அகலமுமுள்ள மற்றொரு துண்டை நீளவாக்கில் இறுகச் சுருட்டி, இரு நுனிகளையும் கட்டுக. இது கைகளாகும். கழுத்துக்குக் கீழே தொங்கும் துணியை முன்னும் பின்னுமாகப் பிரித்து, நடுவே இச்சுருளைக் குறுக்காகச் செருகி, அதன் கீழ் மீண்டும் கட்டுக. அக்கட்டே இடுப்பு. எஞ்சிய துணி தரைவரை தொங்கட்டும்.

கண், மூக்கு, வாய் ஆகியவற்றைக் குழந்தையே வரையட்டும். நாம் குறுக்கிட்டுத் திருத்துதல் கூடாது. கோணல் மூக்குள்ள பொம்மையைத்தான் குழந்தை இரவில் அணைத்துக்கொண்டு உறங்கும்.

இரண்டாம் சனிக்கிழமை: ஊசி பிடித்தலும் பாவாடை தைத்தலும்

எட்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கே ஊசி கொடுக்க வேண்டும். அதுவும் சற்றுப் பெரிய காதுள்ள ஊசியாக இருத்தல் நலம். பாடம் தொடங்குமுன் ஊசிகளை எண்ணிக் கொடுத்து, முடிந்ததும் எண்ணி வாங்குவது ஆசிரியரின் கடமை. நூல் ஒரு முழத்திற்கு மேல் வேண்டா. நீண்ட நூல் சிக்கிக்கொள்ளும், குழந்தையும் சலித்துவிடும்.

முதற் பயிற்சிக்குக் கட்டம்போட்ட பழைய கைலித் துண்டைப் போல் உதவுவது வேறில்லை. ஒரு கோட்டின் மேலேயே ஓட்டுத் தையல் போடச் சொல்லுங்கள். கோடு கையை நேராக நடத்திச் செல்லும். தையலின் நீளத்தை ஒரே சீராக வைத்துக்கொள்ளக் கட்டங்களும் துணை செய்யும். இரண்டு வரிசை போட்டு முடிந்ததும் பாவாடைக்குப் போகலாம்.

இங்குக் கணக்குப் பாடம் தொடங்குகிறது. அளவு நாடாவால் பொம்மையின் இடுப்பைச் சுற்றி அளக்கச் செய்க. இடுப்பு 5 அங்குலமானால், சுருக்கம் விழுவதற்கு அதைப் போல் இருமடங்காகிய 10 அங்குலமும், இரு ஓரத்திலும் தையலுக்கு அரை அங்குலம் வீதம் 1 அங்குலமும் சேர்த்து, 11 அங்குல நீளம் வேண்டும். இடுப்பிலிருந்து அடிவரை 4 அங்குலமானால், மேல் மடிப்புக்கு அரை, கீழ் மடிப்புக்கு அரை சேர்த்து 5 அங்குல உயரம் வேண்டும். “இடுப்பு 6 அங்குலமானால் எவ்வளவு துணி வேண்டும்?” என்று கேளுங்கள். பலகையில் எழுதிய கணக்குக்குத் தயங்கும் குழந்தையும் தன் பொம்மைக்கென்றால் விரைந்து விடை சொல்லும்.

அடி விளிம்பை இருமுறை மடித்துத் தைக்க வேண்டும். மேல் விளிம்பை அரை அங்குலம் மடித்து, நாடா நுழைய இடம் விட்டு, மடிப்பின் ஓரமாகத் தைக்க வேண்டும். பிறகு துணியின் நல்ல பக்கம் உள்ளே இருக்குமாறு இரு ஓரங்களையும் சேர்த்து, நாடாப் பகுதியை மட்டும் விட்டுவிட்டுத் தைக்க வேண்டும். திருப்பி நாடாவைக் கோத்து இழுத்தால் சுருக்குப் பாவாடை ஆயிற்று.

மூன்றாம் சனிக்கிழமை: சட்டை

முதலில் பழைய செய்தித்தாளில் வெட்டிப் பார்த்துவிட்டே துணியில் கத்தரிக்கோல் வைக்க வேண்டும். பொம்மையைத் தாளின்மேல் கைகளை விரித்துப் படுக்கவைத்து, தோளுக்கு மேல் இடம் விடாமல், மற்றப் பக்கங்களில் 1 அங்குலம் விட்டுக் கோடு இழுக்கச் சொல்க. அரை அங்குலம் தையலுக்கு. மற்ற அரை அங்குலம் பொம்மையின் பருமனுக்கு. நல்ல பக்கம் உள்ளே இருக்குமாறு துணியை இரண்டாக மடித்து, மடிப்பு தோளாக அமையும்படி தாளை வைத்து வெட்டினால் முன்பக்கமும் பின்பக்கமும் ஒருங்கே கிடைக்கும்.

குழந்தைகள் பெரும்பாலும் தவறுவது கழுத்தில்தான். கழுத்தை அளந்து அந்த அளவுக்கே வட்டம் வெட்டுவார்கள். சட்டை தலையில் நுழையாது. இத்தவறை நாம் முன்கூட்டித் தடுத்தல் வேண்டா. தாள் சட்டையிலேயே அது நிகழட்டும். “உன் சட்டை உனக்கு எப்படி நுழைகிறது?” என்று மட்டும் கேளுங்கள். குழந்தை தன் சட்டையின் திறப்பைத் தொட்டுப் பார்க்கும். பொத்தான் எதற்காக உண்டாயிற்று என்பதை அன்று தானே கண்டுகொள்ளும். பிறகு சட்டையின் முதுகை மேலிருந்து கீழ்வரை நேராக வெட்டித் திறந்து, கழுத்தருகில் இரண்டு சிறு நாடாக்கள் வைத்துக் கட்டும்படி செய்துவிடலாம்.

கையின் கீழ்ப்புறத்தையும் பக்கங்களையும் பின்தையலால் தைக்க வேண்டும். அக்குள் மூலையில் தையலைத் தொடாமல் சிறியதோர் வெட்டுக் கொடுத்துத் திருப்பினால் துணி சுருங்காமல் படியும்.

நான்காம் சனிக்கிழமை: வெட்டாத உடைகளும் தீப்பெட்டிக் கட்டிலும்

நம் முன்னோர் உடைகளில் பல கத்தரியும் ஊசியும் வேண்டாதவை. 18 அங்குல நீளமும் 5 அங்குல அகலமுமுள்ள துண்டு பொம்மைக்குப் புடவையாகும். கொசுவம் வைப்பதைப் பாட்டிமார் கற்றுக்கொடுக்கட்டும். வேட்டியும் கைலியும் தாத்தாக்களின் பாடமாகட்டும். தில்லியில் 1965-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட சங்கர் அனைத்துலகப் பொம்மைக் காட்சிசாலையில், நம் நாட்டுப் பல மாநிலங்களின் உடைகளை அணிந்த பொம்மைகள் வைக்கப்பட்டிருக்கின்றன. அவரவர் ஊரில் உடுத்தும் முறையை அவரவர் குழந்தை பொம்மையில் கட்டிப் பழகுவது, அக்காட்சிசாலையின் ஒரு சிறு கூறு நம் திண்ணையில் அமைவது போலாகும்.

காலித் தீப்பெட்டிகளை அடுக்கி ஒட்டினால் பொம்மைக்குக் கட்டிலும், இழுப்பறையுள்ள அலமாரியும் கிடைக்கும். மைதா மாவைக் காய்ச்சிய பசையே போதும். பூச்சி அரியாதிருக்கப் புத்தகம் கட்டுவோர் பசையில் மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. அது நஞ்சாதலால் குழந்தைகளுக்கான பசையில் சேர்த்தல் கூடாது. அன்றன்று வேண்டிய பசையை அன்றன்றே காய்ச்சிக்கொள்க.

ஆண் குழந்தைகளும் தைக்கட்டும்

தையல் பெண்பிள்ளைகளின் வேலை என்று எண்ணுவோர் காசிமேட்டுக் கரைக்கு ஒருமுறை சென்று வருவார்களாக. கிழிந்த வலையைக் காலில் மாட்டி இழுத்துப் பிடித்து, கண்ணுக்குக் கண் அளவு மாறாமல் பின்னுகிறவர்கள் ஆண்களே. கடைத்தெருவில் தையல் இயந்திரத்தை மிதிப்போரிலும் ஆண்கள் பலர். ஆகவே பொம்மை உடைப் பாடத்தில் ஆணும் பெண்ணும் கலந்து அமரட்டும். மீனவர் வீட்டுப் பிள்ளை சட்டை தைக்கக் கற்கட்டும். தையற்காரர் வீட்டுப் பிள்ளை வலைமுடிச்சுப் போடக் கற்கட்டும்.

இதை நாம் வற்புறுத்துவதற்கு வரலாறும் ஒரு காரணம். 1953-ஆம் ஆண்டில் அன்றைய சென்னை மாநிலத்தில், தொடக்கப் பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகலாம் என்றதொரு திட்டம் கொண்டுவரப்பட்டது. அது குலக்கல்வியாகும் என்று மக்கள் கடுமையாக எதிர்த்தனர். 1954-இல் காமராசர் முதலமைச்சரானபின் அது கைவிடப்பட்டது. கைப்பணி கல்வியில் இடம்பெறுவதை எவரும் வெறுக்கவில்லை. தந்தையின் தொழிலே மகனின் எல்லையாவதைத்தான் மறுத்தனர். கைப்பணிப் பாடம் குழந்தைக்குப் புதிய கதவைத் திறக்க வேண்டுமேயன்றிப் பழைய கதவைத் தாழிடுதல் ஆகாது.

விற்பனைக்கு அன்று

முடிவாக ஒன்றைத் தாய்மார்களுக்கும் மகளிர் குழுவினருக்கும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். குழந்தை தைத்த பொம்மைச் சட்டை அழகாக அமைந்ததும், “இதையே பத்து தைத்தால் விற்கலாமே” என்னும் எண்ணம் எழுவது இயல்பு. துண்டுக் கணக்கில் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் வீடுகளில் அவ்வெண்ணம் இன்னும் எளிதாக எழும். வறுமையில் எழும் அவ்வெண்ணத்தை நாம் இகழவில்லை. ஆயினும் பத்தாவது சட்டையில் பாடம் இல்லை. உழைப்பு மட்டுமே உண்டு.

1937-இல் வார்தாவில் காந்தியடிகள் கைத்தொழிலை நடுவாகக் கொண்ட ஆதாரக் கல்வியை முன்வைத்தார். அதற்குப் பாடத்திட்டம் வகுத்த ஜாகீர் உசேன் குழுவே, தொழிலின் வருவாயை முதன்மையாக்கிக் கல்விப் பயனை இழந்துவிடும் அபாயம் உண்டென்று எச்சரித்தது. பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளை வேலைக்கு அமர்த்துவதை 2016-ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் தடை செய்கிறது. பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவுவதற்கு அச்சட்டம் இடம் தருகிறது. எனினும் உதவி எங்கே முடிகிறது, கூலி வேலை எங்கே தொடங்குகிறது என்பதை வீட்டிலுள்ள பெரியவர்களே அறிந்து நிறுத்த வேண்டும்.

பெரியவர்கள் பொம்மை செய்து பொருளீட்டுவது வேறு, அது வரவேற்கத்தக்கதே. ஆனால் அங்கும் விலைக்கு மேற்பட்ட பயன் உண்டு என்பதை நம் கடற்கரையே காட்டியது. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை தாக்கியபின், ஆரோவில்லிலுள்ள உபாசனா என்னும் ஆடை வடிவமைப்பு நிலையத்தார் அக்கரையோர மீனவப் பெண்களுக்கு மிஞ்சிய துணித் துண்டுகளால் விரலளவுப் பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தனர். ‘சுனாமிகா’ என்னும் அப்பொம்மையை அவர்கள் விலை வைத்து விற்கவில்லை. அன்பளிப்பாகவே உலகெங்கும் அனுப்பினர். செய்த பெண்களுக்கு ஊதியம் கிடைத்தது. துயரில் ஓய்ந்திருந்த கைகளுக்கு வேலையும் மனத்திற்கு ஆறுதலும் கிடைத்தன.

இப்பாடத்தைக் கல்மண்டபத்தோடு நிறுத்திவிட வேண்டுவதில்லை. நெசவு நடக்கும் ஊரில் தறியில் மிஞ்சிய துணி உண்டு. திருப்பூரில் பனியன் துண்டு உண்டு. எதுவுமில்லாத சிற்றூரிலும் பழைய வேட்டி உண்டு. அங்கன்வாடிப் பணியாளரும் பள்ளி ஆசிரியரும் மகளிர் குழுவினரும் மாதத்தில் ஒரு சனிக்கிழமையேனும் இதற்கு ஒதுக்குவார்களாக. நான்காம் வாரத்தின் முடிவில் குழந்தைகள் தம் பொம்மைகளை வரிசையாக வைக்கட்டும். பரிசும் வேண்டா, மதிப்பெண்ணும் வேண்டா. ஒவ்வொரு குழந்தையும் தன் பொம்மையைத் தன் வீட்டிற்கே எடுத்துச் செல்லட்டும். பின்னொரு நாள் தன் பள்ளிச் சட்டையில் பொத்தான் அறுந்தால், யாரையும் எதிர்பாராமல் ஊசியில் நூல் கோத்து அக்குழந்தை உட்காருமானால், நமது பாடம் பயன் தந்தது என்று கொள்ளலாம்.