பழைய மரம் வேறு, காய்ந்த மரம் வேறு

அன்புத் தம்பிக்கு,

நரசிங்கம்பேட்டையில் நாகஸ்வரம் கடையப் பழகுகிறாய் என்று அறிந்து மகிழ்ந்தேன். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்காக ரங்கநாதன் ஆசாரி பாரி நாயனம் என்னும் நாகஸ்வரத்தைச் செய்துகொடுத்த ஊர் அது. 2022இல் அவ்வூர் நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தப் பெயர் நிலைக்க, உளியைத் தொடுமுன் மரத்தின் ஈரத்தைப் பார்.

நாகஸ்வரத்துக்கான ஆச்சா மரத்தைப் பழைய வீட்டுத் தூணிலும் உத்திரத்திலும் இருந்து எடுப்பது நம் வழக்கம். பழையது என்பதால் காய்ந்திருக்கும் என்று எண்ணிவிடாதே. வீட்டை இடித்தபின் ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளியே கிடந்த உத்திரம் மறுபடி நீர் குடித்திருக்கும். நாலு நாள் வெயிலில் மேற்புறம் காயும். உள்ளே ஈரம் அப்படியே நிற்கும்.

ஈரம் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் மரம் சுருங்கத் தொடங்கும். வளையத்தின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளிநோக்கிச் சுருங்குவதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆகவே ஈர மரத்தில் வட்டமாக இட்ட துளை, காயும்போது நீள்வட்டமாகிவிடும். கட்டில் காலில் இது கண்ணுக்கே தெரியாது. நாகஸ்வரத்தின் உடலான உலவின் துளை கோணினாலோ, வாசிப்பவர் ஒவ்வொரு சுரத்தோடும் மல்லுக்கட்ட வேண்டிவரும்.

மாய்ஸ்சர் மீட்டரைக் கட்டையின் முனையில் குத்தாதே. முனைதான் முதலில் காயும். ஒரு சாண் தள்ளி அறுத்து, புதிதாகத் தெரியும் முகத்தின் நடுவில் குத்திப் பார். உப்பு ஏறிய மரத்திலும் ஆணிக்குப் பக்கத்திலும் மீட்டர் கூட்டிக் காட்டும். சந்தேகம் வந்தால் தராசை நம்பு. அதே இடத்தில் ஒரு வில்லை அறுத்து உடனே நிறு. 103 டிகிரி செல்சியஸ் ஓவனில் எடை குறைவது நிற்கும்வரை வைத்து மறுபடி நிறு. 56 கிராம் 50 ஆனால், போன 6 கிராமை 50ஆல் வகுத்துச் சதவீதமாக்கு: 12. டெல்டாக் காற்றுக்கு 12 முதல் 15 வரை இருந்தால் கடையலாம்.

கூடுதலாக இருந்தால் வெயிலில் போடாதே, வெடித்துவிடும். முனைகளில் மெழுகு பூசி, காற்றோடும் நிழலில் அடுக்கு. எடையையும் தேதியையும் கட்டையின் மேலேயே எழுதி, வாரம் ஒருமுறை நிறுத்துப் பார். எடை அசையாமல் நின்றபின் லேத்தில் ஏற்று. அப்போதும் முதல் துளையைச் சிறிதாக இட்டு, சில வாரம் ஆறவைத்து, பிறகு அளவுக்குக் கொண்டுவா. துளையிட்ட மரம் கொஞ்சம் அசையும். அந்த அசைவு உன் பட்டறையிலேயே முடியட்டும்.

தை பிறந்ததும் கல்யாணக் கச்சேரிக்கு நாயனம் வேண்டும் என்று அவசரப்படுத்துவார்கள். கட்டையில் எழுதிய எடையைக் காட்டி, பணிவோடு நாள் கேள். நல்ல ஆச்சா கிடைப்பது அரிதாகிவருகிறது. ஒரு வீட்டை நூறு வருஷம் தாங்கிய மரத்தை நம் அவசரத்தால் பாழாக்க நமக்கு உரிமை இல்லை.

அன்புடன்,
தொழிலில் உனக்கு மூத்தவன்